விசைப்படகின் டிரிம், டிரெய்லர் பொத்தான்கள்: கிரியான் ஆற்றில் புதிதாக இறங்குவோருக்கு

விசைப்படகில் முதன்முதலாக உட்காருபவருக்கு ஸ்டீயரிங்கும் கியர் கைப்பிடியும் சீக்கிரம் பிடிபட்டுவிடும். கார் ஓட்டத் தெரிந்தவருக்கு அவை பெரிய புதுமை இல்லை. காரில் இல்லாத ஒன்று அந்தக் கைப்பிடியிலேயே, கட்டைவிரல் படும் இடத்தில் இருக்கிறது. மேல், கீழ் என்று அம்புக்குறி போட்ட சின்னப் பொத்தான். சில படகுகளில் அதோடு மூன்றாவதாக ‘டிரெய்லர்’ என்று ஒன்று இருக்கும். புதியவர்களில் பலர் இவற்றைத் தொடாமலே காலத்தை ஓட்டுகிறார்கள். சிலர் மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு அமுக்குகிறார்கள். முதல் வகையினருக்குப் பெட்ரோல் வீணாகிறது. இரண்டாம் வகையினருக்கு இஞ்சினே வீணாகிறது.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், பத்து காவான் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் அவர்களுடைய பிள்ளைகளும் நாலைந்து பேராகச் சேர்ந்து பழைய ஃபைபர் படகு வாங்குவது வழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை கிரியான் ஆற்றில் இறக்கி, முகத்துவாரம் தாண்டி, அமான் தீவுப் பக்கம் தூண்டில் போடப் போவார்கள். அப்படி வாங்கிய படகுகளோடு கையேடு வருவது அரிது. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேல், கீழ் பொத்தான்கள் ஓடுவதற்கு உரியவை. டிரெய்லர் பொத்தான் நிற்பதற்கும், நடைவேகத்தில் ஊர்வதற்கும் உரியது. கீழே வரும் அத்தனை விவரமும் இந்த ஒன்றைச் சுற்றித்தான் போகிறது.

அசைவது எது?

படகின் பின்பலகையில் தொங்கி, நீருக்குள் இறங்கி நிற்கும் பகுதியைக் கால் என்று வைத்துக்கொள்வோம். அதன் நுனியில் விசிறி சுற்றுகிறது. பொத்தானை அமுக்கினால் ஒரு சின்ன மின்மோட்டார் எண்ணெயைத் தள்ளும். அந்த அழுத்தத்தில் உருளைக்குள் இருக்கும் தண்டுகள் நீண்டோ சுருங்கியோ காலைச் சாய்க்கும். ‘கீழ்’ என்றால் கால் பின்பலகையை ஒட்டி உள்ளே வரும். ‘மேல்’ என்றால் பின்பலகையைவிட்டு வெளியே விலகும்.

செம்பனைக் குலை ஏற்றிய தள்ளுவண்டியைத் தோட்டத்தில் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். கைப்பிடியைக் கீழே அமுக்கினால் வண்டியின் முன்பக்கம் எழும்பும். கைப்பிடியைத் தூக்கினால் முன்பக்கம் குனியும். காலை வெளியே விலக்கும்போது விசிறியின் தள்ளுவிசை படகின் பின்பக்கத்தைக் கீழே அமுக்குகிறது, மூக்கு எழும்புகிறது. உள்ளே இழுக்கும்போது பின்பக்கம் தூக்கப்பட்டு மூக்கு குனிகிறது.

உங்கள் படகில் இருப்பது எந்த வகை என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இஞ்சின் முழுவதும் பின்பலகைக்கு வெளியே தொங்கினால் அது அவுட்போர்டு. நம் ஆற்றில் பெரும்பாலும் காண்பது இதுதான். இஞ்சின் படகுக்குள் பெட்டியில் இருந்து, கால் மட்டும் வெளியே நின்றால் அது ஸ்டெர்ன் டிரைவ். பழைய உல்லாசப் படகுகளில் மெர்குரூசர் அல்லது வால்வோ பென்டா பெயரோடு இதைப் பார்க்கலாம்.

அவுட்போர்டில் பெரும்பாலும் டிரெய்லர் பொத்தான் தனியாக இருக்காது. ‘மேல்’ பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தால் ஏறத்தாழ முதல் 20 பாகை வரை டிரிம், அதாவது ஓடும்போது காலின் சாய்வைச் சரிசெய்வது. அதற்கு மேல் டில்ட், அதாவது காலை நீரிலிருந்து தூக்குவது. மோட்டாரின் சத்தம் அந்த எல்லையில் மாறும், கால் சட்டென்று வேகமாக எழும்பும். அதைக் காது கொடுத்துக் கேட்டுப் பழகுங்கள். மெர்குரூசரில் அப்படி இல்லை. ‘மேல்’ பொத்தான் ஓர் எல்லையோடு நின்றுவிடும். அங்கே ஒரு சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. அந்தச் சுவிட்சைத் தாண்டிப் போவதற்கு என்றே டிரெய்லர் பொத்தான் வைத்திருக்கிறார்கள். வால்வோ பென்டா இதையே மூன்று பகுதியாகப் பிரிக்கிறது: ஓடுவதற்கு ஒன்று, ஆழமில்லாத கரையோரத்தில் மெதுவாகப் போவதற்கு ஒன்று, முழுக்கத் தூக்குவதற்கு ஒன்று.

குழப்பம் தரும் இன்னும் இரண்டு பொருள்களையும் இங்கேயே பிரித்துவிடுகிறேன். படகின் அடியில், பின்பலகையின் இரண்டு ஓரத்திலும் இரும்புத் தகடுகள் இருந்தால் அவை டிரிம் டேப். ஒருபக்கம் சாயும் படகை நிமிர்த்துவதற்கு. காலிலேயே, விசிறிக்கு மேலே சின்ன வால்போன்ற துண்டு ஒன்று இருக்கிறதே, அதற்கும் டிரிம் டேப் என்றுதான் பெயர், ஆனால் வேலை வேறு. ஸ்டீயரிங் ஒருபக்கம் இழுத்தால் அதைச் சரிசெய்வது அது. கட்டைவிரல் பொத்தானுக்கும் இந்த இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

ஆற்றில் பழகும் முறை

நீர் ஏறி நிற்கும் நேரமாகப் பார்த்து, நேரான, அகலமான பகுதியில் பழகுங்கள். மலாக்கா நீரிணைக் கரையில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி இறங்கும். அலைநேர அட்டவணை கைத்தொலைபேசியிலேயே கிடைக்கிறது. மின்மினி பார்க்கப் படகுகள் போகும் மாலை நேரத்தையும், பெரம்பாங் மரங்கள் ஆற்றை நெருக்கி நிற்கும் வளைவுகளையும் விட்டுவிடுங்கள். அங்கே வேகம் எடுப்பது யாருக்கும் நல்லதல்ல, கரையும் கரைந்துபோகும்.

கிளம்பும்போது காலை முழுக்க உள்ளே இறக்கியிருக்க வேண்டும். ‘கீழ்’ பொத்தானை அது நிற்கும்வரை அமுக்குங்கள். நின்றபிறகும் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், பம்பு மோட்டார் சூடாகி உள்ளிருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் அதை நிறுத்திவிடும். இப்போது வேகம் கொடுத்தால் மூக்கு கொஞ்சம் எழும்பி, பிறகு இறங்கும். தண்ணீரைப் பிளந்துகொண்டு போன படகு, அதன் மேலே ஏறி வழுக்கத் தொடங்கும். பிளேன் ஏறுவது என்று சொல்வது இதைத்தான். கால் வெளியே விலகிய நிலையில் கிளம்பினால் மூக்கு வானத்தைப் பார்க்கும், முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. மிதந்து வரும் நீப்பா பனை மட்டையும் மரத்துண்டும் கிரியானில் எப்போதும் உண்டு. அதனால் இந்த முதல் படியை ஒருநாளும் விடாதீர்கள்.

பிளேன் ஏறியதும் கைப்பிடியை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு ‘மேல்’ பொத்தானை ஒரு நொடி மட்டும் தட்டுங்கள். விடுங்கள். கவனியுங்கள். பிறகு இன்னொரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் இஞ்சினின் சுழற்சி கொஞ்சம் கூடும், கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் காட்டும் வேகமும் கொஞ்சம் கூடும். படகின் அடிப்பகுதி தண்ணீரில் உரசும் பரப்பு குறைகிறது என்பதே காரணம். பக்கவாட்டில் தெறிக்கும் நீர் முதலில் உங்கள் இருக்கைக்கு நேராகவோ அதற்கு முன்னாலோ கிளம்பும். தட்டத் தட்ட அது பின்னால் நகர்ந்துகொண்டே போகும். ஸ்டீயரிங் கையில் லேசாகும். அந்த லேசுதான் நீங்கள் தேடும் இடம்.

அதற்கு மேலும் தட்டினால் மூன்றில் ஒன்று நடக்கும். மூக்கு மேலும் கீழுமாகக் குதிக்கத் தொடங்கலாம். அல்லது விசிறி மேற்பரப்புக் காற்றை உறிஞ்சி, இஞ்சின் திடீரென்று அலறும். சுழற்சி எகிறும், வேகம் மட்டும் குறையும். அல்லது ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுக்கும். மூன்றுக்கும் மருந்து ஒன்றே: ‘கீழ்’ பொத்தானை ஒன்றிரண்டு தட்டு. குதிப்பு நிற்கவில்லை என்றால் வேகத்தையும் மெதுவாகக் குறையுங்கள்.

உள்ளே அதிகமாக இழுத்துவைத்தால் எதிர்ப்பக்கத் தொல்லை. வலப்பக்கமாகச் சுழலும் வழக்கமான விசிறி உள்ள படகில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இழுக்கும். மூக்கு தண்ணீரை உழுதுகொண்டு போகும். வேகமாகப் போகும்போது இது ஆபத்து. மூக்கு ஒரு பக்கம் சிக்கிக்கொண்டால் படகு எதிர்பாராமல் சுழன்று உள்ளிருப்பவரை வெளியே வீசிவிடும். பிளேன் ஏறியபிறகும் காலை முழுக்க உள்ளேயே வைத்து முழுவேகத்தில் ஓட்டுவது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு என்று அழுத்தமாகச் சொல்கிறேன்.

நல்ல டிரிம் நிலையிலும் ஸ்டீயரிங் ஒருபக்கம் இழுத்தால், முன்பு சொன்ன அந்தச் சின்ன வால்துண்டின் போல்ட்டைத் தளர்த்தி, படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமே அதன் பின்விளிம்பைச் சற்றுத் திருப்பி இறுக்குங்கள். பல இஞ்சின்களில் அந்தத் துண்டு உப்புநீர் அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் உலோகத்தால் ஆனது. அதற்குப் பெயிண்ட் அடித்தால் அந்த வேலை நின்றுபோகும், அரிப்பு காலைத் தின்னத் தொடங்கும்.

சரியான இடம் ஒருநாள் கண்டுபிடித்தால் என்றைக்கும் அதுவே என்று இருக்காது. பின்னால் இரண்டு பேரும் ஐஸ் பெட்டியும் இருந்தால் ஏற்கெனவே பின்பக்கம் அமுங்கியிருக்கும். அப்போது காலை இன்னும் உள்ளே வைக்க வேண்டும். பெட்டியை நடுவுக்கு நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். எதிரலை அடிக்கும்போது கொஞ்சம் உள்ளே இழுங்கள். மூக்கின் கூரான பகுதி அலையை வெட்டும், இடுப்பு தப்பிக்கும். அலை பின்னாலிருந்து தள்ளும்போது கொஞ்சம் வெளியே விடுங்கள், மூக்கு முன்னலைக்குள் குத்தக்கூடாது. கூர்மையாகத் திரும்புவதற்கு முன் உள்ளே இழுங்கள், இல்லையென்றால் திருப்பத்தில் விசிறி காற்றைப் பிடிக்கும். மேற்குக் கரையில் விடியலுக்கு முன் சுமத்ராப் பக்கமிருந்து திடீர்க் காற்று கிளம்பும் மாதங்களில் அமான் தீவிலிருந்து திரும்புபவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று கைக்கு வர வேண்டும். அமைதியான நாளில் பழகிவைப்பது அதற்காகத்தான்.

மூன்றாவது பொத்தான்

நீர் வற்றிய நேரத்தில் முகத்துவாரத்துக்கு வந்து சேர்பவர்களைத் தூண்டிவிடுவது இந்தப் பொத்தான்தான். இரண்டு பக்கமும் சேறு தெரிகிறது, அடியில் ஆழம் இல்லை, வீட்டுக்குப் போக வேண்டும். டிரெய்லர் பொத்தானை அமுக்கிக் காலைத் தூக்கிவிட்டு, வேகத்தைக் கொடுத்துச் சேற்றைத் தாண்டிவிடலாம் என்று தோன்றும்.

“அண்ணே, இஞ்சின் கட்டையால் அடிப்பதுபோல் சத்தம் போடுகிறது” என்று தொலைபேசியில் கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, “கால் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது தம்பி?” என்பதைத்தான்.

காரணம் இது. ஸ்டெர்ன் டிரைவில் உள்ளிருக்கும் இஞ்சினிலிருந்து வெளியே இருக்கும் காலுக்குச் சுழற்சி போவது யூ ஜாயிண்ட் எனப்படும் மடங்கும் மூட்டு வழியாக. கால் நேராக நிற்கும்போது அந்த மூட்டு சுமையைச் சீராகச் சுமக்கும். கோணம் கூடக்கூட அது திக்கித்திக்கிச் சுழலும், தட்டும் சத்தம் வரும். அதோடு, டிரிம் எல்லைக்குள் இருக்கும்வரை காலின் இரண்டு பக்கமும் ஒரு வளையத்தின் தாங்கிகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. டிரெய்லர் நிலைக்குப் போனதும் கால் அந்தப் பிடியைத் தாண்டிவிடுகிறது. பக்கவாட்டில் வரும் விசையைத் தாங்க ஆள் இல்லை. மெர்குரூசர் கையேடுகள் டிரெய்லர் நிலையில் 1200 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 1200 சுழற்சி) மேல் போகாதே என்று சொல்வது இதனால்தான். முழுக்கத் தூக்கிய நிலையில் இஞ்சினை ஓடவிடவே கூடாது. அவுட்போர்டில் இந்த மடங்கும் மூட்டு இல்லை என்றாலும் தாங்கி விஷயம் அங்கேயும் உண்டு. மெர்க்குரி அவுட்போர்டு ஆழமில்லாத நீரில் டில்ட் எல்லையில் இருந்தால் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே வைத்திருக்கச் சொல்கிறது. உங்கள் இஞ்சினுக்கான எண்ணை அதன் கையேட்டில் பார்த்து, ஒரு துண்டுத்தாளில் எழுதி மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

இரண்டாவது ஆபத்து தண்ணீர். இஞ்சினைக் குளிரவைக்கும் நீர் காலில் இருக்கும் துளைகள் வழியாகத்தான் உள்ளே போகிறது. கால் உயர்ந்தால் துளைகள் நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிடும், இஞ்சின் சூடாகும். அவுட்போர்டில் பக்கவாட்டில் பீய்ச்சும் நீர்த்தாரையைப் பாருங்கள். அது மெலிந்தாலோ நின்றாலோ இஞ்சினை உடனே நிறுத்துங்கள். நம் ஆற்றில் இதற்கு மறுபக்கமும் உண்டு. துளைகள் சேற்றுக்குள் இருந்தால் இஞ்சின் சேற்றை உறிஞ்சும், தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர்ச் சக்கரம் தேயும். அந்தச் சக்கரத்தை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது.

ஆகவே ஆழம் குறையும்போது செய்ய வேண்டியது இது: முதலில் வேகத்தைக் குறைத்துப் பிளேனிலிருந்து இறங்குங்கள். நடைவேகத்துக்கு வந்தபிறகே காலைத் தூக்குங்கள், விசிறி நீருக்குள் மூழ்கியிருக்கும் அளவுக்கு மட்டும். மூக்குப்பக்கம் ஒருவரை நிறுத்திக் கம்பால் ஆழம் பார்க்கச் சொல்லுங்கள். கம்பு முழங்கால் ஆழம் காட்டினால் இஞ்சினை நிறுத்தி, காலை முழுக்கத் தூக்கி, நங்கூரம் போட்டுவிட்டு நீர் ஏறும்வரை உட்காருங்கள். சில மணி நேரம் போகும், அவ்வளவுதான். மூட்டு உடைந்தால் மாதக்கணக்கில் படகு கொட்டகையில் கிடக்கும்.

இறக்குவதும் ஏற்றுவதும்

சரிவில் படகை இறக்கும்போது கால் முழுக்கத் தூக்கியிருக்க வேண்டும். படகு மிதந்து, பின்பக்கத்தில் போதிய ஆழம் இருப்பதைப் பார்த்தபிறகு இறக்குங்கள்; துளைகள் நீருக்குள் மூழ்கியபின் இஞ்சினை முடுக்குங்கள். ஏற்றும்போது இந்த வரிசை தலைகீழ்: இஞ்சினை நிறுத்து, காலைத் தூக்கு, பிறகே படகை இழுக்கும் ஹைலக்ஸ் வண்டியை நகர்த்தச் சொல். வண்டி ஓட்டுபவரும் படகில் இருப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருந்தால் யார் சொல்லி யார் நகர்த்துவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

சாலையில் போகும்போது எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பக்கூடாது. ஸ்டெர்ன் டிரைவுக்குக் காலைச் சாய்க்கும் தண்டுகளின்மேல் மாட்டும் கவ்விகள் கிடைக்கும். அவுட்போர்டைத் தரையில் உரசாத அளவுக்குத் தூக்கி, டிரெய்லருக்கும் காலுக்கும் இடையே முட்டுக்கம்பி கொடுங்கள். இஞ்சினிலேயே இருக்கும் சின்ன டில்ட் பூட்டு படகு நிற்கும்போது தாங்குவதற்கு மட்டும். தோட்டத்துச் செம்மண் சாலையின் குலுக்கலை அது தாங்காது.

பொத்தான் வேலை செய்யவில்லை என்றால்

மெர்குரூசரில் ‘மேல்’ அசையவில்லை, டிரெய்லர் பொத்தான் மட்டும் தூக்குகிறது என்றால் எல்லைச் சுவிட்சிலோ அதற்குப் போகும் வயரிலோதான் கோளாறு. வயர் நீருக்குள் கிடப்பது, அறுந்துபோவது சகஜம். இரண்டு பொத்தானும் தூக்கவில்லை, கீழே மட்டும் இறங்குகிறது என்றால் தூக்கும் பக்கத்து ரிலேயை, அதாவது மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சைப் பாருங்கள். எதுவுமே இல்லை என்றால் பேட்டரியும் ஃபியூஸும். மெர்குரூசர் பம்பில் 110 ஆம்பியரில் ஒன்றும் 20 ஆம்பியரில் ஒன்றும் இருக்கும். ‘டிக்’ என்ற ஒலி மட்டும் வந்து மோட்டார் சுற்றவில்லை என்றால் பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் பச்சையைச் சுரண்டிவிட்டு மறுபடி முயலுங்கள், உப்புக்காற்றில் அது அடிக்கடி வரும்.

நடு ஆற்றில் அவுட்போர்டு மாட்டிக்கொண்டால் பின்பலகைத் தாங்கியின் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கும். இஞ்சினை நிறுத்திவிட்டு அதை இடப்பக்கமாக மூன்று நான்கு சுற்றுத் திருப்பினால் எண்ணெய் அழுத்தம் விடுபடும், கையால் தூக்கலாம். கால் கனமானது, கீழே யாரும் கை வைத்திருக்கக் கூடாது. முடிந்ததும் திருகை இறுக்க மறக்காதீர்கள், திறந்திருந்தால் பின்னோக்கிப் போகும்போது கால் தானாகத் தூக்கிக்கொள்ளும்.

கரைக்கு வந்தபின்

நல்ல தண்ணீரால் காலையும் தண்டுகளையும் கழுவுங்கள். பளபளக்கும் தண்டில் சேறு காய்ந்துவிட்டால் அடுத்த முறை அது உள்ளே போகும்போது எண்ணெய் கசியாமல் காக்கும் ரப்பர் வளையத்தைச் சுரண்டும். பிறகு, தரையில் நிறுத்தும்போது காலைக் கீழே இறக்கிவையுங்கள். அவுட்போர்டில் உள்ளே தேங்கிய நீர் வடிந்துபோகும். ஸ்டெர்ன் டிரைவுக்கு இது இன்னும் முக்கியம். மூட்டைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கிறது. கால் தூக்கியபடியே மாதக்கணக்கில் கிடந்தால் அந்த மடிப்புகள் விரிந்த நிலையிலேயே இறுகிப்போகும். விரலால் ஒவ்வொரு மடிப்பையும் பிரித்துப் பாருங்கள். அடிப்பள்ளத்தில் மயிரிழைபோன்ற வெடிப்பும், விரலில் ஒட்டும் கறுப்புப் பொடியும் இருந்தால் உறையை மாற்றும் காலம் வந்துவிட்டது. அந்த உறை கிழிந்தால் தண்ணீர் மூட்டுக்குள் போய், அங்கிருந்து படகுக்குள்ளேயே வரும். கட்டுத்துறையில் கட்டிய படகு இரவோடு இரவாக மூழ்குவதற்கு இதுவும் ஒரு காரணம். நீரிலேயே கட்டிவைப்பதானால் அவுட்போர்டை நீருக்கு மேலே தூக்கிவையுங்கள், ஸ்டெர்ன் டிரைவை இறக்கியே வையுங்கள். சிப்பி ஒட்டுவதைச் சுரண்டிக்கொள்ளலாம்.

பம்பின் எண்ணெயையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். மெர்குரூசரில் காலை முழுக்க இறக்கிவிட்டு அளவு பார்ப்பது முறை. அவுட்போர்டில் முழுக்கத் தூக்கி, பூட்டு போட்டுவிட்டுப் பார்ப்பது முறை. இதை மாற்றிச் செய்தால் அளவு தப்பாகத் தெரியும், தேவையில்லாமல் ஊற்றிவிடுவீர்கள். எந்த எண்ணெய் என்பது இஞ்சினுக்கு இஞ்சின் மாறும், கையேட்டில் உள்ளதையே ஊற்றுங்கள். எண்ணெய் வெளுத்துக் கலங்கியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதை முழுக்க வடித்து மாற்றி, கசிவு எங்கே என்று பார்த்தபிறகே படகை மறுபடி இறக்குங்கள்.